இன்றைக்கு என்ன விசேஷம்?



நம் ஊரிலே இருவர் வழியில் சந்தித்தால் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன விசேஷம்?" என்பதே. மறுமொழியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "விசேஷம் ஒன்றுமில்லை, எல்லாம் வழக்கம்போலத்தான்." கேட்டவரும் திருப்தியடைவார், சொன்னவரும் வருத்தமின்றித் தம் வழியே போவார். விசேஷம் ஒன்றுமில்லாதிருப்பதை நம் முன்னோர் ஒரு குறையாக எண்ணினதேயில்லை. வீட்டில் யாருக்கும் நோயில்லை, அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

இக்காலத்திலோ, அதே கேள்வியை மனிதர் கேட்பதற்கு முன்னே கைப்பேசி கேட்கிறது. முகநூலைத் திறந்தால், உன் மனத்தில் என்ன இருக்கிறது, எழுது என்கிறது. வாட்ஸ்அப்பிலே ஸ்டேட்டஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு படத்தைப் போட்டால் 24 மணி நேரம் நிற்கும். பின்பு தானே மறைந்துபோகும். அதற்குள் யார் யார் பார்த்தார்கள் என்று பட்டியலும் காட்டும். மறுநாள் பட்டியல் காலி. மறுபடியும் புதிதாக ஒன்று வேண்டும். "வழக்கம்போலத்தான்" என்ற பழைய மறுமொழி அங்கே செல்லாது.

சென்ற மாதம் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். ஜெபம் முடிந்தபின், அந்த வீட்டுத் தாய் தன் மாமியாருக்குச் சாப்பாடு கொடுக்க உட்கார்ந்தாள். கிழவிக்குப் பல் இல்லை. படுக்கையை விட்டு எழுந்து இரண்டு வருஷமாகிறது. ரசஞ்சோற்றை மசியப் பிசைந்து, அதிலே கிடந்த மிளகையும் கறிவேப்பிலையையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள்: "சாமி, என்கூடப் படிச்சவங்க எல்லாரும் எங்கெங்கேயோ போறாங்க, போட்டோ போடுறாங்க. ஒருத்தி ஊட்டியிலே நிக்கிறா. ஒருத்தி சிங்கப்பூர்லே நிக்கிறா. எனக்குப் போடுறதுக்கு ஒண்ணுமே இல்லை. விடிஞ்சா இட்லி, பிள்ளைகளுக்கு டிபன் டப்பா, அத்தைக்கு மருந்து. சாயங்காலம் திரும்பவும் அதேதான். இதெல்லாம் ஒரு வாழ்க்கையா சாமி?"

நான் ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் சரியான மறுமொழி சொல்லவில்லை என்பதை வீடு திரும்பும்போதே உணர்ந்தேன். இந்த வாரம் எழுதுவது அவளுக்குச் சொல்லவேண்டிய மறுமொழி. அவள் கேட்டதை வாய்விட்டுக் கேளாமல் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கிற அநேகருக்கும் இதுவே மறுமொழி.

முதலாவது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியைப் பசாசின் கருவி என்று நான் சொல்ல வரவில்லை. திருச்சபையும் அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேயே செய்தித் தொடர்புக் கருவிகளைப்பற்றித் தனி ஏடு ஒன்றை வெளியிட்டு, அவற்றைச் செவ்வையாய்ப் பயன்படுத்தினால் மனுக்குலத்துக்குப் பெரும் நன்மை உண்டாகும் என்று போதித்தது. 1967 முதல் இதற்கென்று வருஷந்தோறும் ஒரு ஞாயிறும் குறிக்கப்பட்டிருக்கிறது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 7-ம் தேதி பாப்பரசர் பதினான்காம் லியோ அர்ச்சியசிஷ்டர் பட்டம் வழங்கிய கார்லோ அக்குட்டிஸ் என்ற இத்தாலிய வாலிபரை நீங்கள் அறிவீர்கள். 1991-ல் பிறந்து 2006-ல், 15 வயதிலேயே, இரத்தப் புற்றுநோயால் மரித்தவர். அவர் கணினியில் வல்லவர். அந்தத் திறமையைக்கொண்டு அவர் உலகத்துக்குக் காட்டியது தம்முடைய முகத்தையல்ல. உலகின் பல இடங்களில் நடந்த திவ்விய நற்கருணைப் புதுமைகளைத் தேடித் தொகுத்து, அவற்றையே இணையதளத்தில் காட்டினார். தூரதேசத்திலிருக்கும் தகப்பன் தன் குழந்தையின் முதல் நன்மைப் படத்தை அன்றைக்கே பார்த்து ஆனந்தப்படுகிறான் என்றால், அதற்காக ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லவேண்டாமா?

ஆனால் அபாயம் எங்கே இருக்கிறது? இரண்டு இடங்களில் இருக்கிறது. செய்கிற நற்செயலைப் பிறர் காண்பதற்காகவே செய்வது ஒன்று. பிறருக்குக் காட்ட ஏதுமில்லாத நாளை வெறும் நாள் என்று எண்ணிச் சோர்ந்துபோவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. மனிதர் பார்த்தால்தான் அது மெய், பாராவிட்டால் அது ஒன்றுமில்லை என்ற எண்ணமே அந்த வேர்.

முதலாவது அபாயத்தைச் சொல்ல வேறு யாருடைய குற்றத்தையும் தேடவேண்டியதில்லை. என்னுடையதே போதும். சில வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தபோது, படுக்கையாய்க் கிடந்த ஒரு முதியவருக்குத் திவ்விய நற்கருணை கொடுக்கச் சென்றேன். கூட வந்த ஒருவர் அதைப் படம் பிடித்தார். படம் நன்றாக விழுந்திருந்தது. எல்லாம் முடிந்து நான் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருக்கையில், முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் ஏதோ பேசினார். பாவசங்கீர்த்தனமல்ல, சாதாரணப் பேச்சுதான். அந்நேரம் நான் மறுகையிலே கைப்பேசியை வைத்துக்கொண்டு, அந்தப் படத்தைப் பங்குக் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். "ஆமாம் ஐயா, ஆமாம் ஐயா" என்று தலையசைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் மரித்தார். அடக்கம் முடிந்து கல்லறை வாசலிலே அவருடைய மகள் என்னிடம் வந்து, "சாமி, அப்பா கடைசியா உங்ககிட்டேதான் ரொம்ப நேரம் பேசினாங்க. என்ன சொன்னாங்க சாமி?" என்று கேட்டாள்.

என்னால் மறுமொழி சொல்லக்கூடவில்லை. அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கைகூப்பிய அடையாளம் போட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு கிறிஸ்தவன் மரணத்தறுவாயில் தன் குருவிடம் சொன்ன வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அதைத் திரும்பவும் கேட்க எனக்கு வழியுமில்லை.

அர்ச். மத்தேயு எழுதிய சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்திலே நம் ஆண்டவர் மூன்று காரியங்களைச் சொல்லுகிறார்: தர்மம், ஜெபம், ஒருசந்தி. தர்மம் செய்யும்போது எக்காளம் ஊதாதே. ஜெபம் செய்ய அறைக்குள் போய்க் கதவைச் சாத்து. ஒருசந்தி இருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள் என்கிறார். மனிதர் காணும்படி செய்கிறவர்கள் தங்கள் சம்பாவனையை அடைந்தாயிற்று என்றும் எச்சரிக்கிறார். எனக்கும் அன்று சம்பாவனை கிடைத்தாயிற்று. 24 மணி நேரத்தில் அது மறைந்தும் போயிற்று. அந்தரங்கத்தில் காண்கிற பிதாவின் கணக்கிலே அன்று எனக்கு என்ன எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நடுங்குகிறது.

நிற்க. இரண்டாவது அபாயத்துக்கு வருவோம். அந்தத் தாயின் துயரம் இதுவே: என் நாளில் விசேஷம் ஒன்றுமில்லை.

சுவிசேஷம் என்ற வார்த்தைக்கே நல்ல விசேஷம், நற்செய்தி என்பது பொருள். அந்த நல்ல விசேஷப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சேசுநாதர் பன்னிரண்டு வயதிலே ஜெருசலேம் தேவாலயத்தில் காணாமற்போய் மூன்றாம் நாள் கண்டெடுக்கப்பட்ட வரலாறு அர்ச். லூக்காஸ் எழுதியதில் இருக்கிறது. அதன்பின் அவர் ஏறக்குறைய முப்பது வயதில் யோர்தான் நதிக்கரைக்கு வருகிறார். இடையிலே சுமார் பதினெட்டு வருஷங்கள். அந்தப் பதினெட்டு வருஷத்தைப்பற்றிச் சுவிசேஷம் சொல்வதென்ன? நசரேத்துக்குப் போனார், பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார், ஞானத்திலும் வயதிலும் வரப்பிரசாதத்திலும் வளர்ந்தார் என்பதோடு சரி. ஒரு நாள் நடந்ததைக்கூடத் தனித்துச் சொல்லவில்லை. மரத்தை அறுத்தார், இழைத்தார், தண்ணீர் கொண்டுவந்தார், உண்டார், உறங்கினார், மறுநாளும் அப்படியே. உலக இரட்சகருடைய வாழ்வில் பெரும்பகுதி, "விசேஷம் ஒன்றுமில்லை, எல்லாம் வழக்கம்போலத்தான்" என்று நாம் சொல்லக்கூடிய வாழ்வே.

அப்படியானால் அந்தப் பதினெட்டு வருஷமும் வீணா? யோர்தான் நதியில் அவர் ஞானஸ்நானம் பெற்று ஏறினபோது, பிதாவின் குரல் வானத்திலிருந்து கேட்டதே! என் நேச குமாரன், இவர்மேல் பிரியமாயிருக்கிறேன் என்று பிதாவானவர் சாட்சி சொன்னாரே! அந்த நேரத்தில் சேசுநாதர் ஒரு குருடனுக்கும் கண் கொடுத்திருக்கவில்லை. ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை. கானா ஊர்க் கலியாணத்தில் செய்த முதற்புதுமையும் அதற்குப் பிற்பாடுதான். அவருக்குப் பின்னால் இருந்ததெல்லாம் நசரேத்தூர் நாட்களே. ஒருவரும் எழுதி வைக்காத அந்த நாட்களைப் பிதா ஒவ்வொன்றாய்ப் பார்த்திருந்தார்.

சகோதரியே, உன் அடுப்படியையும் அவர் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆயினும் ஒன்று கேட்பீர்கள்: "சாமி, அப்படியானால் தினமும் செய்ததையே செய்துகொண்டிருந்தால் மோட்சத்துக்குப் போய்விடலாமா?" இல்லை. செக்குமாடுங்கூடச் செய்ததையே செய்கிறது. வழக்கமான வேலையிலே வழக்கத்துக்கு மேற்பட்ட ஒன்று சேரவேண்டும். அது என்ன என்பதை, வருகிற அக்டோபர் முதல் தேதி நாம் திருநாள் கொண்டாடும் அர்ச். குழந்தை சேசுவின் தெரேசம்மாளிடமிருந்து கற்றுக்கொள்வோம்.

தெரேசம்மாள் 1873-ல் பிரான்ஸ் தேசத்தில் பிறந்து, 15 வயதில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் பிரவேசித்து, 1897 செப்டம்பர் 30-ம் தேதி 24 வயதில் காசநோயால் மரித்தவர். அம்மடத்திலே ஒரு வயோதிகக் கன்னிகை இருந்தார். நடக்க முடியாதவர், சற்றுக் கடுகடுப்பானவர். மாலைதோறும் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அவரைக் கோயிலிலிருந்து உணவறைக்குக் கைத்தாங்கலாய் நடத்திச் செல்லவேண்டும். அந்த வேலைக்கு இளம் தெரேசம்மாள் தாமே முன்வந்தார். விரைந்து நடந்தால், விழத்தள்ளப் பார்க்கிறாய் என்பாராம். மெல்ல நடந்தால், உன் கை என்மேல் படவில்லை, என்னை விட்டுவிட்டாய் என்பாராம். நீ சின்னப்பெண், உனக்கு இந்த வேலை ஆகாது என்றும் சொல்வாராம். தினமும் இதே நடை; தினமும் இதே முறைப்பாடு.

கொண்டுபோய் உட்காரவைத்தவுடன் தெரேசம்மாளின் கடமை முடிந்தது. திரும்பிவிடலாம். ஆனால் ஒரு நாள் அவர் ஒன்றைக் கவனித்தார். அந்த வயோதிகரின் கைகள் முடங்கியிருந்தபடியால், தம் ரொட்டியைத் தாமே நறுக்க அவர் மிகவும் வருந்தினார். அன்றுமுதல், போவதற்கு முன்னே அந்த ரொட்டியையும் நறுக்கிவைத்து, ஒரு புன்னகையும் செய்துவிட்டுப் போவார். அதை அவரிடம் எவரும் கேட்கவில்லை. மடத்து ஒழுங்கிலும் அது எழுதப்படவில்லை.

ஒரு குளிர்கால மாலையில் அவர் அப்படி இருட்டிலே நடத்திச் செல்லும்போது, தூரத்திலே எங்கேயோ இசைக்கருவிகளின் ஓசை கேட்டது. உடனே அவருக்கு மனத்தில் ஒரு காட்சி தோன்றியது: தீபங்கள் ஜொலிக்கும் பெரிய மண்டபம், அழகாய் உடுத்திய இளம்பெண்கள், ஒருவரையொருவர் உபசரிக்கும் இனிய பேச்சு. தம் பக்கத்திலோ முனகுகிற ஒரு நோயாளி. மங்கிய விளக்கில் வெறும் செங்கற் சுவர். இந்தப் பத்து நிமிஷத் தாழ்ந்த ஊழியத்தைக் கொடுத்து, ஆயிரம் வருஷ உலக விருந்துகளை வாங்கிக்கொள்ள நான் சம்மதிக்கமாட்டேன் என்று அன்று அவர் தம் உள்ளத்திலே உணர்ந்தார். இந்நாளில் நம்முடைய கைப்பேசியில் தெரியும் மண்டபங்களும் மலைகளும் அந்தத் தூரத்து இசையைப் போன்றவைதாம். அவற்றில் பாவமில்லை. ஆனால் அவற்றைப் பார்த்து ஏங்கிக்கொண்டே, கையிலிருக்கும் வயோதிகரை நாம் கீழே விட்டுவிடக்கூடாது.

இன்னும் கேளுங்கள். கார்மேல் மடத்தில் ஒரு கன்னிகை மரித்தால், அவருடைய வாழ்க்கைச் சுருக்கத்தை எழுதி மற்றக் கார்மேல் மடங்களுக்கு அனுப்புவது வழக்கம். தெரேசம்மாள் சாகக்கிடக்கையில், மடத்துச் சகோதரி ஒருவர் மற்றொருவரிடம், இவர் இறந்தபின் நம் தாயார் இவரைப்பற்றி என்னதான் எழுதுவார்களோ, சொல்லத்தக்கதாக இவர் ஒன்றுமே செய்யவில்லையே என்று பேசிக்கொண்டாராம். பாருங்கள், கூடவே ஒன்பது வருஷம் வசித்தவர்களுக்கும் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை! தம் தலைமைத் தாய்மாருக்குக் கீழ்ப்படிந்து அவர் எழுதிக்கொடுத்திருந்த ஏடுகள் இருந்தபடியால்தான் அந்த ரொட்டித்துண்டின் சேதி நமக்குத் தெரியவந்தது. அவை 1898-ல் ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ என்ற பெயரில் 2,000 பிரதிகளாக அச்சாகி, வாழ்க்கைச் சுருக்கத்துக்குப் பதிலாக மடங்களுக்கு அனுப்பப்பட்டன. 1925-ல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார். 1997-ல் அவர் திருச்சபையின் வேதபாரகராகவும் அறிவிக்கப்பட்டார். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லப்பட்டவர் செய்தது என்ன? கடமையின் ஓரத்திலே ஒரு துண்டு அன்பைச் சேர்த்தார். அதைக் காண ஆண்டவர் ஒருவரே போதும் என்றிருந்தார்.

பிரியமானவர்களே, வழக்கத்துக்கு மேற்பட்ட நாள் என்பது இதுவே. அதற்கு ஊட்டிக்கும் போகவேண்டாம், சிங்கப்பூருக்கும் போகவேண்டாம். பேருந்து ஓட்டுகிற தகப்பன், தள்ளாடி ஏறுகிற கிழவர் உட்காருமட்டும் வண்டியை எடுக்காமல் ஒரு நிமிஷம் பொறுப்பது அது. கடைக்காரர், எடை சரியாயிருந்தும் ஏழைப் பிள்ளையின் பொட்டலத்தில் ஒரு கை பருப்பு கூடப் போடுவது அது. மாணவன், வகுப்புக்கு வராத தோழனுக்குத் தன் நோட்டை எழுதிக்கொடுப்பது அது. வேலையால் களைத்து வந்த புருஷன், மனைவி பேசும்போது கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பதுங்கூட அதுவே. இவற்றில் ஒன்றையும் படம் பிடிக்க முடியாது. பிடித்தாலும் பார்ப்பவர்களுக்கு விளங்காது.

ஆகையால் இந்த வாரத்துக்கு மூன்று பிரதிக்கினை செய்துகொள்வோம்.

ஒன்று: காலையில் கண்விழித்ததும் கைப்பேசியை எடுப்பதற்கு முன் சிலுவை அடையாளம் வரைந்து, அன்றைய வேலைகளை எல்லாம் சேசுவின் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுங்கள். ஒப்புக்கொடுத்த வேலை சின்ன வேலையாயிராது.

இரண்டு: ஒவ்வொரு நாளும், கேட்கப்படாத ஒரு நன்மையை வீட்டிலோ வெளியிலோ செய்யுங்கள். அதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள், எங்கும் போடாதீர்கள். பிறருடைய படத்தைப் போடவேண்டியிருந்தால், அவர் சம்மதிப்பாரா, இதனால் அவருக்கு என்ன நன்மை என்று முதலில் உங்களையே கேளுங்கள். நோயாளியின் கட்டில் நமக்கு மேடையல்ல. இதை நான் எனக்கும் சேர்த்தே சொல்லுகிறேன்.

மூன்று: இராத்திரியில் படுக்குமுன் அர்ச். இஞ்ஞாசியார் கற்பித்தபடி ஆத்தும சோதனை செய்யுங்கள். அப்போது ஆண்டவர் உங்களிடம், "மகனே, மகளே, இன்றைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பதாகப் பாவித்துக்கொள்ளுங்கள். யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலை அவர் கேட்கமாட்டார். யாரை நீ பார்த்தாய் என்றே கேட்பார். ஒன்று சொல்ல இருந்தால் நன்றி செலுத்துங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் மனஸ்தாபப்பட்டு, நாளைக்கு வரம் கேளுங்கள்.

கடைசியாக, நான் மந்திரித்த அந்த வீட்டுத் தாய்க்கு ஒரு வார்த்தை. அம்மா, அன்று நீ பேசிக்கொண்டிருக்கையில் உன் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? மாமியாரின் தொண்டையில் சிக்கிவிடுமே என்று மிளகையும் கறிவேப்பிலையையும் பொறுக்கிக்கொண்டிருந்தாய். அதை உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீயே அதைக் கவனித்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. இதெல்லாம் ஒரு வாழ்க்கையா என்று கேட்டாய். ஆமாம் அம்மா, நசரேத்திலே தேவமாதாவும் இப்படித்தான் வாழ்ந்திருப்பார்கள். இன்றிரவு ஆண்டவர் உன்னிடம் விசேஷம் கேட்டால், வெட்கப்படாமல் இதையே சொல்.

தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் அர்ச். தெரேசம்மாளும் நம் குடும்பங்களுக்காக மன்றாடுவார்களாக. அந்தரங்கத்தில் காண்கிற பிதா உங்கள் ஒவ்வொரு நாளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமியார்